‘கெட்’ என்னும் ஆங்கில வினையும் எல்லைத் தமிழின் ‘கிட்டு’ம்: அகராதிகளின் பொருள்தரு முறை பற்றிய ஒரு திறனாய்வு

ஒரு மொழியில் மிகுதியாக வழங்கும் சொல்லே அம்மொழியின் அகராதி ஆசிரியரை மிகுதியாக இடர்ப்படுத்தும். அருஞ்சொல்லுக்குப் பொருள் எழுதுவது எளிது; அன்றாடச் சொல்லுக்கு எழுதுவது அரிது. 1755இல் தம் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையில் இவ்விடர்ப்பாட்டை வெளிப்படையாகவே கூறியுள்ளார். பொருள் நெகிழ்ந்து எங்கும் பரவிக் கிடப்பதால் வரையறைக்குள் அடக்க முடியாதவை என்று அவர் எடுத்துக்காட்டும் வினைகளுள் ‘கெட்’ என்பதும் ஒன்று. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் 1930இல் சி.கே. ஆக்டன் 850 சொற்களைக் கொண்டு ‘அடிப்படை ஆங்கிலம்’ ஒன்றை வகுத்தபோது வினைகள் பதினெட்டே போதும் என்றார். அப்பதினெட்டிலும் ‘கெட்’ இடம் பெற்றது. வரையறுக்க இயலாத சொல் என்று ஒருவர் சலித்துக்கொண்டதையே, அது இன்றிப் பேச்சே நடவாது என்று மற்றவர் கருதினார். இவ்விரு கூற்றுகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல.

இச்சொல்லின் பொருட்பரப்பு வியப்பூட்டுவது. கடிதம் வருதல், பொருள் வாங்குதல், நோய் காணுதல், ஊர் போய்ச் சேருதல், கருத்து விளங்குதல், முதுமை எய்துதல், நனைதல், அகப்படுதல், அடிபடுதல், பிறரைக் கொண்டு ஒரு வேலையைச் செய்வித்தல், எழுதல், இறங்குதல் ஆகிய அனைத்தையும் ஓர் ஆங்கிலேயர் இந்த ஓரசைச் சொல்லாலேயே கூறிவிட முடியும். ஸ்காண்டிநேவியக் குடியேறிகளின் மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்த இதன் வேர்ப்பொருள் ‘பற்றுதல், கைப்பற்றுதல்’ என்பதாகும். இவ்வேர்ப்பொருளை மனத்திற் கொள்வது பின்வரும் ஆய்வுக்கு இன்றியமையாதது.

ஒருசொல் பல்பொருளும் ஒருபொருட் பன்மொழியும் தமிழ் மரபிற்குப் புதியன அல்ல. தொல்காப்பியர் திரிசொல்லை வகுக்கும்போதே ஒரு பொருளைக் குறித்த பல சொற்கள், பல பொருளைக் குறித்த ஒரு சொல் என இருபாற்படுத்தினார். திவாகரம் முதலிய நிகண்டுகள் ஒருசொற் பல்பொருளுக்கெனத் தனித்தொகுதியே அமைத்தன. எனினும் நிகண்டுகளின் நோக்கம் செய்யுள் இயற்றுவோர்க்குச் சொல் வழங்குவது. எதுகைக்கும் மோனைக்கும் ஏற்ற சொல்லைத் தேர்வோர்க்கு ஒருபொருட் சொற்களின் அடுக்கே போதுமானது; அவற்றிடையே உள்ள வழக்கு வேறுபாட்டை அவர் முன்னரே அறிவார். மொழி கற்கும் மாணவர் அதனை அறியார். ஆங்கிலம்–தமிழ் அகராதிகள் நிகண்டின் அடுக்கு முறையை எடுத்துக்கொண்டன. அம்முறை யாருக்காக வகுக்கப்பட்டது என்பதை மறந்துவிட்டன.

பள்ளிகளில் வழங்கும் கையகராதிகளில் ‘கெட்’ என்பதற்கு எதிரே பொதுவாகக் காணப்படுவது பெறு, அடை, எய்து, ஈட்டு என்னும் பாங்கிலான ஓர் அடுக்கு. இச்சொற்கள் யாவும் தூயவை, பிழையற்றவை. ஆயினும் இவற்றுள் ஒன்றையேனும் கடைத்தெருவிலோ பேருந்து நிறுத்தத்திலோ கேட்பது அரிது. வீட்டிற்குக் கடிதம் வந்ததா என்று வினவும் தாய் ‘கடிதத்தைப் பெற்றாயா’ என்று கேட்பதில்லை. அடுக்கின் உறுப்புகள் தம்முள் ஒத்தனவும் அல்ல. பட்டம் பெறலாம், ஈட்ட முடியாது. பொருள் ஈட்டலாம், எய்துதல் அரிது. முதுமை எய்தலாம், ஈட்டுதல் இல்லை. இவற்றைக் காற்புள்ளியிட்டு வரிசைப்படுத்தும் அகராதி, எதை எங்கே வழங்குவது என்னும் வினாவிற்கு விடையளிக்காமலேயே கடமை முடிந்ததாகக் கொள்கிறது.

அன்றாடத் தமிழ் இப்பொருட்பரப்பைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை வேறு. பொருள் கைக்கு வருமாயின் ‘கிடைத்தது’, விலை கொடுத்துக் கொண்டால் ‘வாங்கினேன்’, காய்ச்சல் ‘வந்தது’, கருத்து ‘புரிந்தது’, வயது ‘ஆயிற்று’, அடியும் திட்டும் ‘வாங்கினான்’ அல்லது அவன்மேல் ‘விழுந்தன’, திருடன் ‘மாட்டிக்கொண்டான்’. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்னும் நேர்நிகர் இங்கே செல்லாது. விற்பனையாளர்கள் இதனை அகராதிக்காரரினும் நன்குணர்ந்துள்ளனர் எனலாம். ஒரு பொருளை வாங்குவோர்க்கு மற்றொன்றை விலையின்றித் தரும் ஆங்கில விளம்பரத் தொடரில் ‘கெட்’ நடுநாயகமாய் நிற்கிறது. ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்னும் தமிழ்த் தொடரிலோ அச்சொல்லுக்கு ஈடே இல்லை; இழப்பும் இல்லை. இதற்கு மாறாக இன்றைய கைபேசித் திரைகளில் ‘உதவியைப் பெறுக’, ‘செயலியைப் பெறுக’ என்று வருவன பழைய கையகராதி அடுக்கின் முதற்சொல்லைப் பொறியைப் போல எடுத்து வைத்ததன் விளைவாகும்.

எண்ணத்தக்க மற்றொன்றும் உண்டு. எண்ணற்ற ஆங்கிலச் சொற்களை ஏற்றுக்கொண்ட பேச்சுத் தமிழ், ஆங்கிலத்தின் தலையாய வினைகளுள் ஒன்றான இதனைத் தனிவினையாக ஏற்கவில்லை. ‘கெட்டப்’, ‘கெட் அவுட்’, ‘கெட் டுகெதர்’ என உறைந்த தொடர்களிலேயே அது புகுந்துள்ளது. திரைப்பட நடிகரின் ‘கெட்டப்’பை விரைந்து படிப்போர் ‘கெட்ட’ என்று மயங்குவதும் உண்டு. போன், பஸ், டிக்கெட் எனப் பெயர்கள் எளிதில் வந்தன. ‘போன் பண்ணு’ என்பது போலத் துணைவினை ஏற்றுச் சில வினைகளும் வந்தன. ‘கெட் பண்ணு’ மட்டும் வேரூன்றவில்லை. அதற்குரிய இடத்தைத் தமிழ்த் தொடரமைப்பு காலியாக வைத்திருக்கவில்லை என்பதே காரணம்.

தொடரமைப்பு வேறுபாடு

அகராதிகளின் பெருங்குறை சொல் தேர்வினும் தொடரமைப்பிலேயே வெளிப்படுகிறது. ஆங்கிலத் தொடரில் பெறுவோர் எழுவாயாக நிற்பர், பெறப்படுவது செயப்படுபொருள். தமிழிலோ ‘எனக்குக் கடிதம் கிடைத்தது’ என்னுமிடத்துக் கடிதமே எழுவாய். பெறுவோர் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கின்றனர். பசித்தல், புரிதல், பிடித்தல், தெரிதல் ஆகியனவும் இவ்வாறே. மனிதனின் முயற்சியின்றி அவன்பால் வந்து சேர்வனவற்றைத் தமிழ் இவ்வமைப்பாற் கூறுகிறது. பழைய ஆங்கிலத்திலும் ‘எனக்குத் தோன்றுகிறது’ என்பதை ஒத்த அமைப்பு இருந்தது. பின்னர் அது வழக்கொழிந்தது. பெறு, அடை, எய்து, ஈட்டு என்னும் நான்கும் பெறுவோரை எழுவாயாகக் கொள்வன. அவற்றையே முன்னிறுத்தும் அகராதி தான் அறியாமலே ஆங்கிலத் தொடரமைப்பையும் தமிழுக்குள் இறக்குமதி செய்கிறது. ‘நான் காய்ச்சலைப் பெற்றேன்’ என்று மாணவர் எழுதினால் குறை மாணவரிடத்து மட்டும் இல்லை.

1963 முதல் 1965 வரை அ. சிதம்பரநாதன் செட்டியாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் பேருழைப்பின் பயன் என்பதில் ஐயமில்லை. கலைச்சொல்லாக்கத்திற்கு அது ஆற்றிய தொண்டு பெரிது. ஆனால் அன்றாட வினைகளுக்கு வேண்டியது கலைச்சொல் அன்று, தொடர்வழி விளக்கம். 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டுத் தொடர்களைப் பொருள் விளக்கத்தின் உறுப்பாகவே ஆக்கியது. இம்முறையை ஆங்கிலம்–தமிழ் அகராதிகள் முழுமையாகப் பின்பற்றியிருந்தால் மேற்காட்டிய இடர்ப்பாடு பெரும்பகுதி நீங்கியிருக்கும்.

எல்லை ஊர்களின் வழக்கு

இனி, அகராதிகள் எதனைக் கருதவே இல்லை என்பதைக் காண அம்பூரி வரை செல்ல வேண்டும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் அகத்தியமலைச் சரிவின் கீழ், நெய்யாற்று நீர்த்தேக்கத்தை ஒட்டி அமைந்த ஊர் இது. முன்பு நெய்யாற்றின்கரை வட்டத்திலும் இப்போது காட்டாக்கடை வட்டத்திலும் அடங்கும். மறுபக்கம் தமிழ்நாட்டின் பத்துகாணி, ஆறுகாணி. ரப்பர்த் தோட்டங்களுக்கு மாநில எல்லை தெரிவதில்லை. நடுத்திருவிதாங்கூரிலிருந்து குடியேறிய மலையாளம் பேசுவோர், தமிழ் பேசுவோர், மலைக் குடியிருப்புகளில் வாழும் காணிகள் ஆகியோர் இப்பகுதியில் அடுத்தடுத்து வாழ்கின்றனர். வெள்ளறடை, பாறசாலை வழியாகக் களியக்காவிளை வரை நீளும் இவ்வெல்லையில் இருமொழியமே இயல்பு.

இவ்வூர்களின் தமிழிலும் விளவங்கோட்டுத் தமிழிலும் ‘கெட்’ என்பதன் மையப் பொருளைத் தாங்கி நிற்பது ‘கிட்டு’. ‘மக்களே, பஸ்ஸு கிட்டிச்சா?’ என்பது வீடு திரும்பிய பிள்ளையிடம் தந்தை கேட்பது. ‘இன்னைக்கு எத்தன ஷீட்டு கிட்டிச்சு?’ என்பது ரப்பர்ப் பால் வெட்டி உறையிட்டவரிடம் கேட்பது. ‘சும்மா இரி, அடி கிட்டும்’ என்பது அச்சுறுத்தல். கடைசித் தொடர் கருதத்தக்கது. பிற தமிழ் வழக்குகள் ‘அடி விழும்’ என்றோ ‘அடி வாங்குவாய்’ என்றோ வேறு வினைகளை நாடும் இடத்தில் எல்லைத் தமிழ் ‘கிட்டு’ என்பதையே ஆள்கிறது. அதாவது இவ்வினையின் பரப்பு பொதுத்தமிழின் ‘கிடை’ என்பதைக் காட்டிலும் அகன்றது. அவ்வகையில் ஆங்கில வினைக்குச் சற்று அணித்தானது. எனினும் நோய்க்கு அது செல்லாது. ‘பனி பிடிச்சு’ என்பதே வழக்கு. விளங்குதற்கு ‘மனசிலாச்சு’, விலைக்குக் கொள்ளுதற்கு ‘மேடிச்சு’, சென்று சேர்தற்கு ‘எத்தியாச்சு’. ஓர் ஆங்கிலச் சொல்லின் நிலத்தை இவ்வழக்கும் பல துண்டுகளாகவே உழுகிறது. வரப்புகள் மட்டும் சென்னையிலும் மதுரையிலும் உள்ள இடத்தில் இல்லை.

‘கிட்டி’ என்பதைக் கேட்டவுடன் ‘மலையாளம்’ என்று தீர்ப்புரைப்பதே வகுப்பறையின் வழக்கம். மலையாளத்தில் இச்சொல் இப்பொருளில் மிகுதியாக வழங்குவது உண்மையே. ஆனால் மலையாளத்தில் உள்ளது எனும் காரணத்தாலேயே ஒரு சொல் தமிழன்று என்றாகிவிடாது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி ‘கிட்டுதல்’ என்பதற்கு நெருங்குதல், கைகூடுதல் என்னும் பொருள்களைத் தருகிறது. ஔவையார் பெயரால் வழங்கும் கொன்றைவேந்தனில் இவ்வினை கைகூடுதற் பொருளில் எதிர்மறை வடிவில் பயில்கிறது. தமிழ்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மனனம் செய்த நூல் அது. அந்நூலைக் காலையில் ஒப்பித்த மாணவர் பிற்பகலில் ‘புத்தகம் கிட்டவில்லை’ என்று எழுதினால் அதனைப் பிழையெனக் கோடிடுதல் எவ்வகையிற் பொருந்தும்?

இன்னும் ஒன்று. ‘அவன்கிட்ட கேள்’, ‘என்கிட்ட இருக்கிறது’ என்று தமிழ்நாட்டின் பெரும்பகுதியிலும் நாள்தோறும் வழங்கும் ‘கிட்ட’ என்னும் உருபு இவ்வினையின் எச்சமே அன்றி வேறன்று. மலையாளம் என்று எல்லைப் பிள்ளையின் வாயினின்று பிடுங்கப்படும் வேரைப் பிடுங்குவோரே தம் ஒவ்வொரு தொடரிலும் வைத்திருக்கின்றனர். முயற்சியின்றி வந்து சேர்தலை ‘நெருங்குதல்’ என்னும் கருத்தினின்று வளர்த்தெடுத்தது ‘கிட்டு’ மட்டும் அன்று. ‘கிடை’ என்பதற்கும் நெருங்குதல், எதிர்ப்படுதல் என்னும் பழம்பொருள்கள் உண்டு. ஆங்கில வினையில் மனிதன் பொருளைப் பற்றுகிறான். ‘கிடை’யிலும் ‘கிட்டு’விலும் பொருள் மனிதனை நெருங்குகிறது. நான்காம் வேற்றுமைத் தொடரமைப்பு இச்சொற்பொருளோடு இயைந்தே நிற்பதைக் காணலாம். ‘பெறு’ என்பதை முதன்மைப்படுத்தும் அகராதி இந்நுட்பத்தைத் தொட்டும் பார்க்கவில்லை.

எல்லைத் தமிழில் மலையாளத்தின் தாக்கம் இல்லையென்று வாதிடுவது இங்கு நோக்கமன்று. ‘மனசிலாச்சு’ என்பது மலையாளத் தொடர்பால் நிலைபெற்றது என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. ‘கிட்டு’ என்பது இத்துணைப் பரவலாக வழங்குவதற்கும் பக்கத்து மொழி துணை நின்றிருக்கும். மலையாளம் அச்சொல்லைக் கொடுத்தது என்பதினும், பிற வட்டாரங்களில் ஒடுங்கிப்போன ஒரு தமிழ்ச் சொல்லை இங்கே ஒடுங்காமற் காத்தது என்பதே பொருந்தும். இதற்கு இணையான சான்று கொடைச்சொற்களில் உள்ளது. தருதல் தன்மை, முன்னிலைகளுக்கும் கொடுத்தல் படர்க்கைக்கும் உரியன என்று தொல்காப்பியம் வகுத்த வேறுபாட்டைப் பொதுப் பேச்சுத்தமிழ் பெரிதும் கைவிட்டது. யாருக்காயினும் ‘குடு’ என்பதே இன்று செல்கிறது. ‘உனக்குத் தாறேன், அவனுக்குக் குடுத்தேன்’ என்னும் பாகுபாடு தென்கோடி வழக்கிலும் மலையாளத்திலும் உயிரோடிருக்கிறது. இதனையும் மலையாளத் தாக்கம் எனத் தள்ளினால் தொல்காப்பியத்தையும் உடன் தள்ள வேண்டிவரும். திசைச்சொல்லுக்கு நிலைக்களமாக இலக்கண உரைகள் காட்டும் பன்னிரு நாடுகளின் பட்டியல் ஒன்றில் வேணாடும் இடம்பெறுகிறது. பழைய இலக்கணத்தார் திசைச்சொல்லைப் பிழையென்று கூறவில்லை. சொல்வகை நான்கனுள் ஒன்றாக ஏற்றனர்.

இத்தீர்ப்பு வகுப்பறையோடு நின்றதும் இல்லை. திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தின் தமிழ் வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கக் கோரிய இயக்கம் நெய்யாற்றின்கரையையும் கோரியது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அக்காலத்தில் ஒருவர் பேசுவது தமிழா மலையாளமா என்பது இலக்கண வினா மட்டுமன்று. அவர் எந்த மாநிலத்தவர் என்பதை முடிவு செய்யத்தக்க வினாவாகவும் இருந்தது. ‘கிட்டி’ என்பவரெல்லாம் மலையாளிகள் என்னும் எளிய அளவுகோலுக்கு அந்நாளில் இருந்த பயன் இன்று இல்லை. அளவுகோல் மட்டும் பள்ளிகளில் எஞ்சியிருக்கிறது. எல்லைக்கு வடக்கே இப்பிள்ளைகள் மலையாளம் சரிவரப் பேசாதவர்கள் எனப்படுகின்றனர். தெற்கே தமிழ் சரிவரப் பேசாதவர்கள் எனப்படுகின்றனர். ஒரே சொல்லுக்காக இருமுறை தண்டிக்கப்படும் பிள்ளை தாய்மொழி வகுப்பில் வாய் திறவாதிருக்கக் கற்றுக்கொள்கிறது. 2017ஆம் ஆண்டின் மலையாள மொழிக் கற்பித்தற் சட்டத்தால் கேரளப் பள்ளிகளில் மலையாளம் கட்டாயப் பாடமான பின், வீட்டுத் தமிழைப் பள்ளியோடு பிணைக்கும் சொற்கள் இன்னும் அருமை உடையன ஆகின்றன.

வட்டாரச் சொற்றொகுப்பில் தமிழ் பின்தங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. கி. ராஜநாராயணன் கரிசல் வழக்கையும், அ.கா. பெருமாள் நாஞ்சில் வழக்கையும் தொகுத்தளித்துள்ளனர். நாஞ்சில் வேளாளர் பேச்சை மொழியியல் முறையில் வருணித்தவர் வ.அய். சுப்பிரமணியம். ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’, ஜெயமோகனின் ‘ரப்பர்’ ஆகிய புதினங்கள் மேற்குப் பகுதியின் பேச்சை இலக்கிய வாசகர் செவிக்குக் கொண்டு சேர்த்தன. க்ரியா அகராதியின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பு இலங்கைத் தமிழ்ச் சொற்களை உரிய குறியீட்டோடு ஏற்றது. அதே அளவான இடம் நெய்யாற்றின்கரை எல்லையின் தமிழுக்கு எந்தப் பொது அகராதியிலும் அமையவில்லை. இருமொழி அகராதிகளில் வட்டார வழக்கு அறவே விலக்கப்படுகிறது. ஆங்கிலம் கற்கும் அம்பூரிப் பிள்ளைக்கு ‘பஸ்ஸு கிட்டிச்சு’ என்னும் தன் தொடரே ஆங்கிலத் தொடருக்கு மிகக் குறுகிய வழி. அகராதியோ அப்பிள்ளையை ‘பெறு’ என்னும் நெடுஞ்சுற்றில் அனுப்புகிறது.

வேண்டப்படுவது பெரிய புரட்சியன்று. ‘கெட்’ என்னும் பதிவில் முதலிடம் ‘கிடை’ என்பதற்குரியது. அதனை அடுத்து நான்காம் வேற்றுமைத் தொடர் ஒன்று எடுத்துக்காட்டாக அமைய வேண்டும். அதன் பக்கத்தில் ‘தென்மேற்கு வழக்கு, இலக்கிய வழக்கு’ என்னும் இரு குறியீடுகளோடு ‘கிட்டு’. ஒரே சொல்லுக்கு இவ்விரு குறியீடுகளும் ஒருசேரப் பொருந்துவதே அதன் வரலாற்றைக் கூறிவிடும். பெறு, எய்து, ஈட்டு என்பன அதன்பின் தத்தம் செயப்படுபொருளோடு வரலாம்: பட்டம் பெறு, முதுமை எய்து, பொருள் ஈட்டு. நோய், வயது, அடி, புரிதல் ஆகியவற்றிற்குத் தனித்தனித் தொடர்கள் வேண்டும். இவ்வாறு அமைந்தால் பதிவு நீளும் என்பர். நீளத்தான் செய்யும், ஜான்சன் சலித்துக்கொண்ட சொல்லாயிற்றே.

அலுவலகத் தமிழ் இச்சிக்கலுக்குத் தானே ஒரு வழி கண்டுள்ளது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு எழுத்துத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. எல்லையின் தென்பால் உள்ள அலுவலகங்களில் மனுவின்மீது ‘கிடைக்கப்பெற்றது’ என்று எழுதுவது மரபு. பொருள் தானே வந்து சேர்ந்தது என்னும் ‘கிடை’யும், கைக்கொண்டது என்னும் ‘பெறு’வும் ஒரே முற்றில் அடங்கிவிட்டன, யார் பெற்றார் என்பது தொடரில் இல்லை. பெறுவோர் பொறுப்பேற்க விரும்பாத இடத்தில் அது வசதியும்கூட. மனுவைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் அம்பூரிக்காரர் வழியில் கேட்போரிடம் சொல்வதோ, ‘ஆபீசில குடுத்தாச்சு, அவியளுக்குக் கிட்டியாச்சு.’